வீட்சே எண்ணெய் மண்மேடும் உன்ர அம்மாவும்

கீழ ரோட்டுக்குத் தார் போடுறாங்கள். காலமை ஏழு மணிக்கே தொடங்கிட்டாங்கள். நான் யன்னலை அகலத் திறந்து, மூக்கை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிறன். முன்வீட்டு ஜெர்மன் மனுசி தன்ர யன்னலை அடிச்சுச் சாத்திப்போட்டு, கண்ணாடிக்குள்ளால என்னை ஒரு மாதிரிப் பாக்கிறா. அவவுக்கு என்ன தெரியும். பூ மணத்திலயும் சந்தன மணத்திலயும் ஆக்களை நினைக்கிற சனம் இருக்கும். எனக்கு உன்னைத் தார் மணத்திலதான் நினைவு வருது. நீ இருந்தால் உதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாய்.

எங்கட பழக்கம் தொடங்கினதே ஒரு தார்க்கட்டியாலதானே. எனக்கு அப்ப வீட்சே விசர் பிடிச்சு ஒரு கிழமைதான். லாகரில, சாமான் களஞ்சியத்தில வேலை, மத்தியான பிரேக்கில போனை நோண்டேக்க ஒரு வீடியோ வந்து விழுந்துது. ஹனோவரில இருந்து வடக்கால கொஞ்சத் தூரம் போனால், ஒரு காலத்தில சுரங்கத்துக்குள்ள இறங்கி எண்ணெய் ஊறின மண்ணை வெட்டி எடுத்த ஊர் இருக்காம், பேர் வீட்சே. எனக்கு நம்பேலாமல் போச்சு. எண்ணெய் எண்டால் பாலைவனம், குழாய், ஷேக்மார் எண்டுதான் என்ர மண்டையில. இஞ்ச, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழயோ? ஹனோவரிலயே பிறந்து இருபது வருசம் வளந்திருக்கிறன், ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. அண்டைக்கு பிரேக் முடிஞ்சதும் தெரியாமல் பாத்துக்கொண்டிருந்து முதலாளியிட்ட பேச்சு வாங்கினன்.

அடுத்த சனிக்கிழமையே போனன். பஸ்ஸால இறங்கின இடத்தில, றோட்டுக்கரையில கறுப்பா ஒரு கட்டி. எடுத்து மணந்து பாத்தால் சாடையா எண்ணெய் மணம். அந்த இடத்திலயே நிண்டு வீடியோ எடுத்து, பதினாலு கோடி வருசத்து எண்ணெய் மண் என்ர உள்ளங்கையில எண்டு கத்தி, சனலில போட்டன். நாப்பது பேர் பாத்திச்சினம். அதில ஒருத்தி நீ. ஜெர்மனில ஒரு கொமென்ட் போட்டிருந்தாய், எனக்கு இப்பவும் பாடம். இது ரோட்டுத் தார், உனக்குப் பின்னால பஸ் ஸ்ரொப்பில கிடங்கு அடைச்சிருக்கிறாங்கள், உன்ர வீடியோவிலயே நாலாவது நிமிசத்தில தெரியுது, போய்ப் பார்.

போய்ப் பாத்தன். தெரிஞ்சுது. வீடியோவை அழிக்கப் போனன். அதுக்குள்ள நீ தனியா ஒரு மெசேஜ் அனுப்பிட்டாய்: அழிக்காத, பிழையெண்டு மேல எழுதிப்போட்டு விடு, அடுத்தவன் அதே கட்டியைப் பொறுக்காமல் இருப்பான். எனக்கு உன்னில அப்பிடி ஒரு கோவம். ஆனாலும் எழுதினன். அண்டையில இருந்து நான் உனக்குத் தார்க்கட்டி.

அதுக்குப் பிறகு அரைவருசம் நாங்கள் ஜெர்மனிலதான் சண்டை பிடிச்சனாங்கள். பழைய சுரங்கங்களைத் தேடித் திரியிற ஆக்களின்ர ஒரு ஒன்லைன் குறூப்பில, உனக்கு ஒரு கல்லின்ர பேர், எனக்கு ஒரு மெஷினின்ர பேர். உன்னை நான் பிறேமனில இருக்கிற ஒரு கண்ணாடி போட்ட ஜெர்மன் வாத்திச்சி எண்டு நினைச்சு வைச்சிருந்தன். ஒரு ஞாயிறு பின்னேரம் முதல் முதலாக் குரலில கதைக்கிறம். நீ உப்பைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறாய். பின்னால ஒரு குரல், நல்ல யாழ்ப்பாணத்துக் குரல், "பிள்ளை, குளிசை போட்டனியோ?" எண்டு. நான் ஒண்டும் யோசிக்காமல் தமிழில சொன்னன், "போட்டனியோ எண்டு அன்ரி கேக்கிறா." உப்புக் கதை பாதியில நிண்டுது. பிறகு "அட நாசமாப் போனவனே" எண்டாய். நீ என்னோட தமிழில கதைச்ச முதல் வசனம் அதுதான்.

அது என்ன குளிசை எண்டு கேட்டதுக்கு விற்றமின் எண்டனீ. நானும் நம்பினன்.

எங்களுக்குக் கதைக்க வேற விசயமே இருக்கேல்ல, பாத்தியோ. மற்றவை படம், காதல், வேலை எண்டு கதைப்பினம். நாங்கள் உப்பும் மணலும். உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனாலும் எனக்கு ஒவ்வொருக்காவும் முதலில இருந்து சொன்னால்தான் மனம் ஆறும். இருபத்தஞ்சு கோடி வருசத்துக்கு முன்னம் இஞ்ச கடல். அது வத்தி உப்பாக் கிடந்துது. அதுக்கு மேல சேறும் மணலும் களியும் கிலோமீற்றர் கணக்கில படிஞ்சுது. உப்பு பாரம் குறைஞ்ச சாமான், அமத்தினால் மெல்ல இளகி மேல எழும்பப் பாக்கும். அடுக்கி வைச்ச போர்வைக்குக் கீழ கையை விட்டுத் தூக்கினால் எல்லாம் சேந்து வளைஞ்சு எழும்புமே, அப்பிடி மேல கிடந்த படையெல்லாம் வளைஞ்சு சரிஞ்சு போச்சு. ஆழத்தில பழைய கடற்சேற்றில பிறந்த எண்ணெய், அந்தச் சரிவைப் பிடிச்சு ஏறி ஏறி வந்து, மேல இருந்த மணலுக்குள்ள புகுந்து நிண்டுட்டுது. லேசானதெல்லாம் பறந்து போக, மிஞ்சினது சீனிப்பாகு மாதிரித் தடிச்ச எண்ணெய்.

எண்ணெய் அந்த மணலிலயே பிறந்தது எண்டு நான் ரெண்டு கிழமை அடம்பிடிச்சன், நினைவிருக்கோ? நீ சொன்னனீ, "கண்டதைச் சொல்லு, பிறகு கதையைச் சொல்லு. நீ கதையில தொடங்கிறாய்." எனக்கு அப்ப சுட்டுது. இப்ப வேலையிடத்தில பெட்டி உடைஞ்சு வந்தால் கூட, ஆர் உடைச்சது எண்டு கத்த முதல் பெட்டியைச் சுத்திப் பாக்கிறன்.

பிறகு மனுசரின்ர பகுதி. முதலில தோட்டக்காரர், வயலில கிடங்கில ஊறின தாரை அள்ளி வண்டிச் சில்லுக்குப் பூசிச்சினம், மாட்டுப் புண்ணுக்குத் தடவிச்சினம். பிறகு நிலக்கரி தேடித் துளை போட வந்தவங்களுக்கு எண்ணெய் வந்துது. ஊர் முழுக்க மரக் கோபுரம். ஆனால் துளையால இழுத்தால் கொஞ்சம்தான் வரும், மிச்சம் மணலை விட்டு வரமாட்டன் எண்டு நிக்கும். அப்ப ஒருத்தன் யோசிச்சிருக்கிறான், எண்ணெய் வராட்டில் மணலையே கொண்டுவாங்கோ எண்டு. சுரங்கம் வெட்டி, ஆக்களை இறக்கி, எண்ணெய் மண்ணை வெட்டி மேல ஏத்தி, கொதிதண்ணியில கழுவி எண்ணெயைப் பிரிச்சிருக்கிறாங்கள். கழுவின மண்ணை ஒரு இடத்தில கொட்டக் கொட்ட அது மலையா வளந்துது. அறுபதுகளில வெளிநாட்டு எண்ணெய் மலிவா வந்திறங்க, சுரங்கத்தை மூடியாச்சு. மேடு மட்டும் அப்பிடியே நிக்குது.

அந்த மேட்டைப் பாக்கோணும் எண்டு உனக்கு ஒரே ஆசை. நான் நாலுதரம் போயிட்டன், நீ ஒருக்காவும் போகேல்ல. அம்மாட்டக் கேட்டனான், கழுவின மண்ணைப் பாக்க மூண்டு மணித்தியாலம் பயணமோ, சுகம் வந்தாப் போல போகலாம் எண்டிட்டா எண்டு சொன்னனீ. என்ன சுகம் எண்டு நான் கேக்க, கதையை மாத்திட்டாய்.

பிறகு மே மாசம் ஒரு நாள், சனிக்கிழமை வாறன், ஹனோவர் ஸ்டேசனில நில் எண்டு மெசேஜ். அம்மா விட்டிட்டா எண்டு நினைச்சன். ரெயினால ட்செல்ல ரவுணில இறங்கி, வீட்சே பஸ்ஸுக்கு நிக்கேக்கதான் சொன்னாய். பிறந்ததில இருந்தே இதயத்தில பிரச்சினை, இலையுதிர் காலத்தில ஒப்பரேசன், வீட்டில ஹனோவர் யூனிவேர்சிற்றியில ஒருத்தரைச் சந்திக்க டெர்மின் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். திரும்பிப் போவம் எண்டன். நீ என்னை ஒரு பார்வை பாத்தாய்.

"ஏலாது. சுகம் வந்தாப் போல, சுகம் வந்தாப் போல எண்டு சொல்லிச் சொல்லியே எனக்கு இருபது வயசாப் போச்சு. நீ வாறியோ, நான் தனியப் போகவோ?"

பஸ் வந்துது. நீ முதல் ஏறினாய். ஏறிப் போட்டு, அம்மாவுக்கு ஒரு காலமும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினாய்.

அந்த நாளை நான் எத்தினைதரம் ஓட்டிப் பாத்திருப்பன். நீ நடந்தாய், நிண்டாய், நடந்தாய், நிண்டாய். நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து உருட்டி உருட்டிப் பாத்தாய். என்ன ஆராய்ச்சி எண்டு நான் பகிடி பண்ணினன். மூச்சு வாங்கத்தான் நிண்டனீ எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. மேடு கறுப்பா இருக்கும் எண்டு நீ மாசக்கணக்கா என்னோட பந்தயம் பிடிச்சனீ, என்ர படங்களில வெளிச்சம் பிழை எண்டு வேற சொன்னனீ. நேரில பாத்தால் மங்கல் மஞ்சள் மணல், மேல பேர்ச் மரமும் பைன் மரமும் முளைச்சு, குருவி கத்துது. "ஐயோ, நான்தான் தார்க்கட்டி" எண்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாய். கம்பி வேலிக்கு இஞ்சால சரிஞ்சு கிடந்த மண்ணில ஒரு கரண்டி அள்ளிப் போத்திலில போட்டு, லேபிள் எழுதினாய். பிறகு அம்மா யூனிக்கெண்டு கட்டித் தந்த புட்டையும் முட்டைப்பொரியலையும் ரெண்டு பேரும் ஒரே பெட்டியில கையை விட்டுச் சாப்பிட்டம். வெயில் உன்ர முகத்தில. நான் படம் எடுக்கேல்ல. எடுக்க விடேல்ல நீ, ஆதாரம் வேண்டாம் எண்டு.

நவம்பரில நீ பேசாமல் போனாய். ஒப்பரேசனுக்குப் போறன், வந்து சண்டை பிடிக்கிறன் எண்டதுதான் கடைசி. மூண்டு கிழமைக்குப் பிறகு உன்ர பேரில ஒரு வொய்ஸ் மெசேஜ். நான் லாகரில பலெட்டுக்கு நடுவில நிண்டு, சிரிச்சுக்கொண்டு காதில வைச்சன்.

"தம்பி, நான் அம்மா கதைக்கிறன். உங்கட பேர் இதில தார்க்கட்டி எண்டு கிடக்கு. வேற ஒரு தமிழ்ப் பேரும் இல்லை. அதுதான் உங்களுக்குச் சொல்லுறன்."

மிச்சத்தை நான் இஞ்ச எழுதேல்ல.

பெப்ரவரியில அன்ரி, உன்ர அம்மா, திரும்ப எடுத்தா. சின்ன வீட்டுக்கு மாறப் போகினமாம். உன்ர அறையில மண் போத்தில் இருபது கிடக்கு, எறியிறதோ வைக்கிறதோ தெரியேல்ல, உங்களுக்குப் பிரயோசனமெண்டால் வந்து எடுங்கோ எண்டா. பிறேமனுக்கு வந்தன். உன்ர அறைக்குள்ள முதல் முதலா வந்தன், நீ இல்லாமல்.

அன்ரி ஒவ்வொரு போத்திலா எடுத்துத் துடைச்சு, பழைய துவாயில சுத்தித் தந்தா. ஒண்டில அவவின்ர கை நிண்டுது. வீட்சே எண்டு உன்ர எழுத்தில இருக்கு. "இது நீங்கள் அனுப்பினதோ தம்பி?" எண்டு கேட்டா. நான் வாயைத் திறக்க முதலே அவவே தொடர்ந்தா.

"அங்க போகோணும் எண்டு கேட்டவள். நான்தான் விடேல்ல. பெரிசா ஒண்டும் கேட்ட பிள்ளை இல்லை. உடுப்புக் கேட்டதில்லை, போன் கேட்டதில்லை. ஒரு மண்மேட்டைப் பாக்கக் கேட்டது. அதைக்கூட நான் விடேல்ல."

உனக்குக் குடுத்த சத்தியம் குறுக்க நிண்டுது. அதைவிடப் பெரிசா ஒரு பயமும் நிண்டுது. நான் சொன்னால், அந்த நடையாலதான் உனக்குக் கூடினது எண்டு அவ நினைச்சால்? நானே எத்தினை நாள் அப்பிடி நினைச்சுக்கொண்டு கிடந்தனான். "ஓம் அன்ரி, நான்தான் தபாலில அனுப்பினனான்" எண்டன். அவ தலையை ஆட்டிப்போட்டு, சோறு போட்டுத் தந்தா. ரெண்டாந்தரமும் போட்டா. நான் உன்ர கதிரையில இருந்து பொய்யோட சேத்து விழுங்கினன்.

ட்ராம் ஸ்ரொப்பில இருபது போத்திலோட நிக்கிறன். ஒரு ட்ராம் போச்சு. ரெண்டாவது போச்சு. உனக்குக் குடுத்த சத்தியத்தைக் காப்பாத்திறன் எண்டு நான் நிக்க, அங்க மேல உன்ர அம்மா, நீ காணாத ஒண்டுக்காகத் தன்னைத் தின்னுகொண்டிருக்கிறா. ஆனால் நீதான் கண்டிட்டாயே. மூண்டாவது ட்ராம் வரேக்க நான் திரும்பி நடந்துகொண்டிருந்தன், பைக்குள்ள போத்தில் எல்லாம் கிலுங்கிக் கிலுங்கி. மன்னிச்சுக்கொள். உன்னட்டக் கேக்க வழி இருக்கேல்ல.

அன்ரி கதவைத் திறந்து, என்னத்தை விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு கேட்டா. நான் வாசலிலயே நிண்டு சொன்னன். மே மாசம், சனிக்கிழமை, யூனியில டெர்மின் இல்லை, ட்செல்ல, பஸ், மேடு. எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டினன். அவ கதவுப் பிடியை விடேல்ல.

"நீ அவளை விரும்பினனியோ?"

நீங்கள் போய் நீ வந்திட்டுது. ஒண்டில் அடி விழப் போகுது, இல்லாட்டில் நான் வீட்டுப் பிள்ளையாகிட்டன் எண்டு நினைச்சன்.

"இல்லை அன்ரி. நாங்கள் மண்ணைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்."

"ஒரு வருசமா?"

"ஓம்."

அவவின்ர முகத்தில ஏதோ ஒண்டு அசைஞ்சுது. சிரிப்போ அழுகையோ, எனக்குப் பிரிக்கத் தெரியேல்ல. பிறகு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா எண்டா. தேத்தண்ணி வைச்சா. வைச்சுக்கொண்டு முதுகைக் காட்டியபடி கேட்டா, அண்டைக்கு என்ன சாப்பிட்டவள் எண்டு. உங்கட புட்டுத்தான் எண்டன். முழுக்கச் சாப்பிட்டவளோ? ஓம், முட்டைப்பொரியலை எனக்கு அரைவாசிதான் தந்தவள். மழையோ? இல்லை, வெயில். தொப்பி போட்டவளோ? இல்லை. "சொல்வழி கேளாத கழுதை" எண்டா, தேயிலையை வடிச்சுக்கொண்டு.

அந்த நடையைப் பற்றி நான்தான் கேட்டன். கேக்காமல் போயிருந்தால் நான் உடைஞ்சிருப்பன். அன்ரி கோப்பையை என்ர முன்னால வைச்சா. "டொக்டர் எப்பவும் நடக்கச் சொல்லித்தான் சொன்னவர். நடந்தால் நல்லது எண்டவர். நான்தான் பயத்தில வீட்டுக்குள்ள வைச்சிருந்தனான். நீ அதை உன்ர தலையில போட்டுக்கொண்டு திரியாத." பிறகு வீட்சேப் போத்திலைத் திருப்பி வாங்கி, சமையலறை யன்னல் கரையில கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில வைச்சா. மிச்சப் பத்தொன்பதும் உனக்கு எண்டா.

போன ஞாயிறு நான் அவவைக் கூட்டிக்கொண்டு போனன். அவவேதான் கேட்டவ. நல்ல சப்பாத்து, கையில குடை, பையில ஒரு ஊருக்குக் காணக்கூடிய சாப்பாடு. நான் என்ர வழமையான விளக்கத்தைத் தொடங்கினன், உப்பு, போர்வை, சரிவு எண்டு. தலையை ஆட்டிக்கொண்டு வந்தா. கழுவின கதைக்கு வந்ததும் நிப்பாட்டினா. அவ பத்தொன்பது வருசமா வேஷெராயில வேலை, சமையல்காரரின்ர உடுப்புத் தோய்க்கிறவ எண்டு உனக்குத் தெரியும், எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

"கொதிதண்ணி மட்டுமோ? வேற ஒண்டும் போடேல்லையோ?"

நான் வாசிச்ச அளவில கொதிதண்ணிதான் எண்டன்.

"அப்பிடியெண்டால் முழுக்கப் போயிருக்காது. எண்ணெய் கொஞ்சம் நிண்டே தீரும்."

சரியாச் சொன்னா. இண்டைக்கும் அந்த மண்ணில மிச்ச எண்ணெய் இருக்குது. எனக்கு அதை விளங்க எத்தினை வீடியோ, எத்தினை பிடிஎஃப். அன்ரி குனிஞ்சு ஒரு பிடி அள்ளி, விரலால தேய்ச்சு, மணந்து, "ஓம், கிடக்கு" எண்டா, வேலையிடத்தில ஒரு சேட்டுக் கொலரைப் பாக்கிற மாதிரி. நீ எங்க இருந்தனீ எண்டு கேட்டா. காட்டினன். குடையை மடிச்சுப் பக்கத்தில வைச்சுப்போட்டு, அதே புல்லில, காலை நீட்டி இருந்தா. கன நேரம் இருந்தா. நான் கொஞ்சம் தள்ளிப் போய், கல்லுப் பாக்கிற மாதிரி நிண்டன்.

திரும்பி வாற பஸ்ஸில பாரிஸில இருக்கிற உன்ர பெரியம்மாவுக்கு அழைப்பு எடுத்தா. நான் பக்கத்துச் சீற்றில. அக்கா, பிள்ளை இஞ்ச வந்து பாத்தவளாம், நான் கட்டிக் குடுத்த புட்டோட வந்தவள், ஒரு மலை அக்கா, மலை முழுக்கக் கழுவின மண் எண்டு அன்ரி சொல்லச் சொல்ல, நான் யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டிருந்தன். நீ போனதில இருந்து அன்ரிக்குச் சொல்லும் வரைக்கும் இந்த உலகத்தில அந்த நாளைத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். எங்கயாவது ஒரு துண்டை மறந்தால் அது இல்லாமலே போயிடும் எண்டு, வேலையில பெட்டி தூக்கேக்கயும் ரெயினிலயும் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு திரிஞ்சனான். சுமை எண்டு சொல்லேல்ல. நான் அதைச் சாகும் வரைக்கும் வைச்சிருப்பன். ஆனால் இனி ஒரு சின்ன விசயத்தை நான் மறந்தாலும் பரவாயில்லை.

அன்ரி போனை என்ர பக்கம் நீட்டினா. "பெரியம்மா முதலில இருந்து கேக்கோணுமாம். நீ சொல்லு, உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

வாங்கினன். வணக்கம் பெரியம்மா எண்டன். ஹனோவர் ஸ்டேசனில ரெயின் கதவு திறக்க, நீ ஒரு சிவப்புப் பையோட இறங்கி, என்னைத் தேடிப் பிழையான பக்கம் பாத்துக்கொண்டு நிண்டதில இருந்து தொடங்கினன். பெரியம்மா இடையில இடையில கேள்வி கேட்டா, அன்ரி பக்கத்தில இருந்து திருத்தினா. பஸ் ட்செல்லவுக்கு வந்து, எல்லாரும் இறங்கி முடிஞ்சுது. கதையில நான் இன்னும் நீ ஸ்டேசனில கோப்பி வாங்கின இடத்திலதான் நிண்டனான்.